மாயவரத்திலிருந்து குரோம்பேட்டை: அப்பா அம்மாவை வீடு மாற்றுகிறோம், எதை எடுப்பது எதை விடுவது?

குடமுருட்டி (வெள்ளி, இரவு 10:40)

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78, அம்மாவுக்கு 71. மயிலாடுதுறையில் ஒரே ஓட்டு வீட்டில் 40 வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள். 2020-இல் தனி மாவட்டமே ஆகிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் மாயவரம்தான். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனி மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் அம்மாவால் தனியாகத் தூக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பையன் வரும் வரை அரை மணி நேரம் அப்படியே ஈரத்தில் கிடந்திருக்கிறார். இதை எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னார்கள். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று முடிவு செய்து, குரோம்பேட்டையில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் 850 சதுர அடியில் பழைய ஃபிளாட் ஒன்று வாங்கிவிட்டேன். லிஃப்ட் உண்டு.

வருவதற்கு இருவரும் சம்மதம். அப்பா கூட "சரிப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சிக்கல் சாமான்தான். பரணில் மட்டும் மூன்று அண்டா, இரண்டு கொப்பரை, ஏழெட்டு தவலை, வெண்கலப்பானை நான்கு. கீழே வந்தால் ஆட்டுக்கல், அம்மி, உரல், தேக்குக் கட்டில் இரண்டு, 78 அங்குலப் பீரோ, கூடத்தில் ஊஞ்சல். அம்மா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருவேன் என்கிறார். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை "பித்தளையை எடைக்குப் போட்டுட்டு புதுசா வாங்கிக் கொடு, அவங்களுக்கும் சுத்தமா இருக்கும்" என்கிறாள். போன வாரம் போனில் இரண்டு பேரும் சண்டை. நடுவில் நான்.

வீட்டை இப்போதைக்கு விற்கவில்லை. ஐப்பசி கடைமுழுக்குக்குக் காவேரியில் குளித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று அம்மா சொல்வதால் கார்த்திகை முதல் வாரம் என்று நாள் பார்த்திருக்கிறோம். லாரி பேசுவதா, பேக்கர்ஸ் ஆட்களைக் கூப்பிடுவதா? எதை எடுப்பது, எதை விடுவது? வயதானவர்களை இப்படி இடம் மாற்றிய அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

சுருக்கமாச்சொல் (வெள்ளி, இரவு 10:52)

எல்லாவற்றையும் காயலான் கடைக்குப் போடுங்கள். 850 சதுர அடிக்கு அண்டா எதற்கு?

தாம்பரம்தாண்டி (வெள்ளி, இரவு 11:15)

முதலில் ஃபிளாட்டை அளந்து பாருங்கள். வாசக்கதவு அகலம், லிஃப்ட் கதவு அகலம், உள்ளே உயரம், மாடிப்படி திரும்பும் இடம். நான் என் மாமனாரின் கட்டிலை அளக்காமல் ஏற்றிக்கொண்டு வந்து, படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கி, கடைசியில் கால்களை ரம்பம் போட்டு அறுத்தோம். தேக்கு. அவர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

இன்னொன்று, கார்த்திகை முதல் வாரம் என்றால் சென்னையில் மழை உச்சத்தில் இருக்கும். இரண்டாவது மாடி என்பதால் வீட்டுக்குள் தண்ணீர் வராது, சரி. தெருவில் நின்றால்? முடிச்சூர் பக்கம் 2015-இல் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் தெருவில் லாரி வந்து நிற்க முடியுமா என்று ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள். அசோசியேஷனிலும் முன்னாடியே சொல்லிவையுங்கள். சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்ற விடமாட்டார்கள், லிஃப்டுக்குள் பலகை அடித்துத்தான் ஏற்றணும் என்பார்கள்.

லோடுமேன்மகன் (சனி, காலை 6:20)

அண்ணா, எங்க அப்பா கும்பகோணத்தில் லோடுமேன், நான் இப்போது சொந்தமாக வண்டி வைத்து ஓட்டுகிறேன். உங்கள் பக்கத்து ஊர் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன சாமானுக்கு குட்டியானை பத்தாது. அது முக்கால் டன் வண்டி, உங்கள் கல்லும் பீரோவுமே அதில் பாதியைத் தின்றுவிடும். 14 அடி ஐச்சர் பேசுங்கள். மாயவரத்திலிருந்து சென்னைக்கு ரிட்டர்ன் லோடு வண்டி கிடைத்தால் வாடகை நன்றாகக் குறையும், ஆனால் அவன் சொல்லும் நாளில்தான் கிளம்பணும், நல்ல நேரம் பார்க்க முடியாது. ஏற்றுகூலி, இறக்குகூலி இரண்டும் வாடகையில் சேர்த்தியா தனியா என்பதை வாயால் கேட்காமல் வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். சண்டை வருவதெல்லாம் அங்கேதான். மாடிக்கு எவ்வளவு, லிஃப்ட் வேலை செய்யாவிட்டால் எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மழை என்றால் தார்ப்பாய் இரண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே தரையில் விரித்து ஓரத்தை மேலே மடித்துவிடணும். தண்ணீர் கீழே இருந்துதான் மெத்தைக்கு ஏறும், யாரும் அதை யோசிப்பதில்லை. பீரோவை முதலில் ஏற்றி கேபின் பக்கம் சாய்த்துக் கட்டணும், கண்ணாடிப் பக்கம் மெத்தையைப் பார்த்து இருக்கணும். நகையும் பத்திரமும் பீரோவில் இருக்கக் கூடாது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்து அமுக்கிப் பூட்டியவர்களை நான் நான்கு பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து ஐஸ் கரைய விடுங்கள். நிற்க வைத்தே கொண்டு வரணும், இறக்கியதும் உடனே போடாமல் நாலைந்து மணி நேரம் விட்டுப் போடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும், அதைச் சாய்க்கவே கூடாது, ஆசிட் வழிந்தால் பக்கத்தில் இருக்கிற துணி மூட்டை முழுக்கப் பொத்தல். கேஸ் சிலிண்டர் வண்டியில் ஏற்றாதீர்கள், அதை அங்கேயே ஒப்படைத்துவிடலாம்.

உரல் மட்டும் யோசியுங்கள் அண்ணா. ஏற்ற நான்கு பேர், இறக்க நான்கு பேர். ஃபிளாட்டில் இடிக்கவும் முடியாது, கீழ்வீட்டுக்காரர் போலீசுக்குப் போவார்.

பரண்மேல்பூனை (சனி, காலை 9:05)

சுருக்கமாச்சொல் அவர்களே, உங்களை மாதிரிதான் நானும் ஒரு காலத்தில் பேசினேன். மாமியாரை நாமக்கல்லிலிருந்து அழைத்து வந்தபோது, அவர் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து நானும் கணவரும் போய், வேலையை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் பிரித்து, பாதியைப் போட்டுவிட்டோம். நன்றாகத்தான் செய்தோம் என்று எங்களுக்கு நினைப்பு. அதில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று போயிருக்கிறது. உள்ளே பட்டன், ஊசி, நூல், பழைய ஊக்கு. அவ்வளவுதான். அதை அந்த அம்மா இரண்டு வருடம் தேடினார். "போட்டுட்டோம் அத்தை" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, எங்கேயோ இருக்கும் என்றே சமாளித்தேன். இப்போது அவர் இல்லை.

அதனால் என் கருத்து ஒன்றுதான். எதைப் போடுவது என்பதை அந்த வீட்டில் சமைத்தவர் முடிவு செய்யட்டும். உங்கள் தங்கைக்கு அதில் வாக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. இடம்தான் இல்லையே என்றால் இடத்தைக் காட்டுங்கள். அம்மாவை ஒருமுறை ஃபிளாட்டுக்கு அழைத்து வந்து, சமையலறை அலமாரியில் நின்று அவரே அளந்து பார்க்கட்டும். அண்டா எங்கே வைப்பது என்று அவர் வாயிலிருந்து வரணும்.

பேக்கர்ஸ் விஷயம்: எங்களிடம் 18,000 என்று போனில் சொன்னார்கள். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு, பொருள் அதிகம், 26,000 ஆகும், இல்லையென்றால் இறக்கிவிடுகிறோம் என்றார்கள். மாமியார் வாசலில் உட்கார்ந்திருக்கிறார், ராகுகாலம் வரப்போகிறது, என்ன செய்வீர்கள்? கொடுத்தோம். யாரைக் கூப்பிட்டாலும் நேரில் வந்து சாமானைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் மட்டும் பேசுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். மூட்டை கட்டுவதற்கு முன்னால் சமையலறை அலமாரி ஒவ்வொரு தட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் புளி, அதற்குப் பின்னால் மிளகாய்த்தூள் என்று இங்கேயும் அதே வரிசையில் வையுங்கள். உங்கள் மனைவிக்கு வேறு யோசனை இருக்கும். விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

சுருக்கமாச்சொல் (சனி, காலை 9:30)

சரி, பிஸ்கட் டப்பாவுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். மூன்று அண்டாவுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஓய்வூதியக்காரன் (சனி, பகல் 12:10)

இந்த இழையில் எல்லோரும் மகன், மகள், மருமகள். நான் மறுபக்கத்துக்காரன். வயது 74, நான்கு வருடத்துக்கு முன் என்னையும் என் மனைவியையும் பிள்ளைகள் காரைக்குடியிலிருந்து மதுரைக்கு மாற்றினார்கள். நல்லவிதமாகத்தான் செய்தார்கள், குறை சொல்ல எழுதவில்லை.

உங்கள் அப்பா "சரிப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்ததைச் சம்மதம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நானும் அப்படித்தான் சொன்னேன். வேறென்ன சொல்வது, விழுந்தது நாம்தானே.

கேட்டதற்குப் பதில். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "நீங்க உக்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று எல்லோரும் சொல்வார்கள். நம் வீட்டு சாமானை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போக, நாம் பிளாஸ்டிக் நாற்காலியில் காபி குடித்தபடி வேடிக்கை பார்ப்பது இருக்கிறதே, அது எனக்குத்தான் தெரியும்.

வீட்டை விற்கவில்லை என்பது நல்லது. ஆறு மாதத்துக்கு அங்கே ஒரு பாய், இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், ஒரு அடுப்பு இருக்கட்டும். போகப்போவதில்லை என்று உங்களுக்கும் தெரியும் அவர்களுக்கும் தெரியும், இருந்தாலும் இருக்கட்டும். முடிவு செய்ய முடியாத சாமானையும் அங்கேயே விட்டுவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எதைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நான் கேட்டது என் சைக்கிளை. வேறு எதுவும் தேவைப்படவில்லை.

கட்டிலை எந்தத் திசையில் போட்டிருந்தாரோ, எழுந்தால் எந்தக் கைப்பக்கம் கழிவறையோ, கூடுமானவரை அதே மாதிரி போடுங்கள். ராத்திரியில் கால் பழைய வீட்டில்தான் நடக்கும். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பியை அவர்கள் வருவதற்கு முன்பே அடித்துவிடுங்கள், வந்த பிறகு கேட்டால் வேண்டாம் என்பார்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ள முடியாது.

நாலுவீதி (சனி, மாலை 4:45)

ஊஞ்சல் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஓட்டு வீட்டில் உத்தரத்தில் சங்கிலி மாட்டியிருப்பார்கள், அது தாங்கும். ஃபிளாட்டில் கான்கிரீட் போடும்போதே கொக்கி வைத்திருந்தால் சரி. இல்லாமல் பழைய கட்டடத்தில் பின்னால் துளை போட்டு மாட்டுவதென்றால், எலெக்ட்ரீஷியனை நம்பிச் செய்யாதீர்கள். ஒரு பொறியாளரைக் காட்டி, மேலே உத்தரம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் செய்யுங்கள். ஆட ஆட இழுவை மாறிக்கொண்டே இருக்கும், சும்மா தொங்கும் ஃபேன் மாதிரி கிடையாது.

படிவம்எட்டு (சனி, இரவு 8:30)

இ-சேவை மையத்தில் வேலை பார்ப்பதால் காகித விஷயத்தை நான் சொல்கிறேன், எல்லோரும் கடைசியில் எங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

கேஸ்: ஊர் மாறுவதால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் மாயவரம் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள், டெபாசிட் பணம் திரும்பி வரும். அந்த வவுச்சரைக் குரோம்பேட்டை ஏஜென்சியில் காட்டி டெபாசிட் கட்டினால் அதே கணக்கில் இணைப்பு. அடுப்பும் டியூபும் உங்களுடையது. ஒப்படைப்பதைக் கிளம்புகிற அன்றைக்கு வைக்காதீர்கள், அதே சமயம் பத்து நாள் முன்னாடியும் வேண்டாம், காபி போட முடியாது.

ஆதார் முகவரி: அப்பா அம்மா பெயரில் குரோம்பேட்டை முகவரிக்கு எந்தச் சான்றும் இருக்காது. குடும்பத் தலைவர் ஒப்புதல் முறையில், உங்கள் ஆதாரை வைத்து மாற்றலாம். ஆனால் உங்கள் ஆதாரில் இருக்கிற முகவரிதான் அவர்களுக்கும் வரும். ஃபிளாட் முகவரியே வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஒரு சான்று தயார் செய்யணும். ஆதார் மாறினால்தான் ரேஷன் கார்டு முகவரி, வங்கி எல்லாம் வரிசையாக நகரும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. குடிபெயர்ந்ததற்கும் அதே படிவம்தான்.

முக்கியமாக ஒன்று: அப்பா மத்திய அரசு ஓய்வூதியர், நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கணும். நீங்கள் மாறுவதும் நவம்பர். இந்தக் களேபரத்தில் மறந்தால் டிசம்பரிலிருந்து பென்ஷன் நின்றுவிடும். நவம்பர் முதல் தேதியே முடித்துவிடுங்கள், இப்போது போனில் முகத்தைக் காட்டினாலே போதும். ரயில்வே மருத்துவ அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அது மூட்டைக்குள் போகக் கூடாது.

குடமுருட்டி (ஞாயிறு, காலை 7:15)

எல்லோருக்கும் நன்றி. ஓய்வூதியக்காரன் ஐயா, "சரிப்பா" பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், வந்து எழுதுகிறேன்.

குடமுருட்டி (மூன்று வாரம் கழித்து, இரவு 9:50)

நிலவரம் இது. அம்மாவை ஃபிளாட்டுக்கு அழைத்து வந்து காட்டினேன். உள்ளே வந்தவுடன் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அலமாரி அலமாரியாகத் திறந்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு சமையல் மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, "அண்டா வேண்டாம். ஒண்ணு மட்டும் கொண்டு வரேன், தண்ணி பிடிச்சு வைக்க. இங்க தண்ணி வராதுன்னு எல்லாரும் சொல்றாளே" என்றார். அவ்வளவுதான். தங்கை ஒரு மாதமாகப் போட்ட சண்டை ஒரு நிமிடத்தில் முடிந்தது. மீதி இரண்டு அண்டாவையும் கொப்பரைகளையும் எங்கள் தெரு பிள்ளையார் கோயிலுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார். எடைக்குப் போடவில்லை.

அப்பாவிடம் மூட்டைக் கணக்கை ஒப்படைத்தேன். ஐயா சொன்னதற்காகச் செய்தேன், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கி வரச் சொன்னார். ஒவ்வொரு பெட்டிக்கும் சாக்குக்கும் எண், கரியால் அல்ல, வெள்ளைச் சாக்பீஸால், வேகனில் எழுதுவது போல இரண்டு பக்கமும். நோட்டில் எண், உள்ளே என்ன, யார் கட்டியது, எத்தனை மணிக்குக் கட்டியது. 23-ஆம் எண்ணில் "சமையல் இரண்டாம் தட்டு, கரண்டிக்கூடு, அஞ்சறைப்பெட்டி (காலி), முறம்" என்று இருக்கிறது. நேற்று நான் ஒரு பெட்டியை அவரிடம் சொல்லாமல் ஒட்டிவிட்டேன். பிரிக்கச் சொல்லி, பார்த்து, எழுதி, மறுபடி ஒட்ட வைத்தார். 38 வருட சர்வீஸ்.

உயிர்வாழ் சான்று போனில் முடிந்தது. கண்ணைச் சிமிட்டச் சொன்னதும் சிமிட்டினார். "பேங்க்ல யாருமே பாக்காம நான் உயிரோட இருக்கேன்னு எப்படி ஒத்துக்கறான்?" என்று இன்றும் ஒருமுறை கேட்டார்.

லோடுமேன்மகன் (மறுநாள், காலை 6:05)

அண்ணா, அப்பா நோட்டை எனக்கும் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் ஆட்களுக்குக் காட்டணும்.

பரண்மேல்பூனை (மறுநாள், காலை 10:20)

கோயிலுக்குக் கொடுத்தது நல்ல முடிவு. முதல் நாளுக்கான பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தீர்களா? காபி ஃபில்டர், பொடி, பால் காய்ச்ச ஒரு பாத்திரம், லைட்டர், மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு, டாக்டர் சீட்டு, டார்ச், மாற்று வேட்டி புடவை, துண்டு, விளக்கு, திரி, உப்பு, மஞ்சள். அது லாரியில் போகக் கூடாது, உங்களோடு வரணும்.

குடமுருட்டி (பத்து நாள் கழித்து, இரவு 11:30)

வந்து சேர்ந்துவிட்டோம். உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது.

முதல் நாள் ராத்திரியே லோடு ஏற்றிவிட்டோம். மறுநாள் விடியற்காலை லாரி கிளம்பியது, தம்பி முறை உறவுக்காரப் பையன் ஒருவன் கூடவே வந்தான். அப்பா அம்மாவை லாரிக்குப் பின்னால் காரில் 250 கிலோமீட்டர் அழைத்து வருவதாகத்தான் திட்டம், ஆனால் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ரயிலில்தான் வருவேன் என்றார். சோழன் எக்ஸ்பிரஸில் மதியம் ஏறினால் சாயங்காலம் தாம்பரம். ஸ்டேஷனில் அவரை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டு பேர் வந்து பேசினார்கள். வண்டி நகரும்போது பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து "நாலு நிமிஷம் லேட்" என்றார், வேறு எதுவும் சொல்லவில்லை. அம்மா மடியில் ஈயச்சொம்பு. துணியில் சுற்றி, சிதம்பரம் வரை கீழே வைக்கவே இல்லை. மூட்டையில் போட்டால் நசுங்கும் என்பது உண்மைதான், ஈயம் அவ்வளவு மெத்து. அதற்குப் பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுத் தூங்கினார்.

திண்டிவனத்துக்கு மேல் நல்ல மழை. லாரி பகலுக்குள் வந்திருக்கணும், நாங்கள் வந்து சேர்ந்த பிறகு ராத்திரி ஏழு மணிக்குத்தான் வந்தது. இரண்டு தார்ப்பாய் யோசனை சொன்ன தம்பி, உனக்குப் புண்ணியம், மெத்தை நனையவில்லை. லிஃப்ட் அளந்து வைத்திருந்ததால் பீரோ நேரே படிக்கட்டில் போய்விட்டது, யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பா கீழே வாசலில் நாற்காலி போட்டு நோட்டை விரித்து உட்கார்ந்து எண் எண்ணாக டிக் அடித்தார். இறக்கும் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் "ஐயா, 31 எந்த ரூமுக்கு?" என்று அவரிடம்தான் கேட்டார்கள்.

கடைசியில் 41 வரவில்லை. லாரியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தோம், இல்லை. அப்பா நோட்டைப் பார்த்து "அகல் விளக்கு, கோலமாவு டப்பா, பழைய பஞ்சாங்கம்" என்று வாசித்தார். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன் செய்து பார்க்கச் சொன்னால், ரேழியில் கதவுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எண் போடாமல் இருந்திருந்தால் வழியில் தொலைந்தது என்று லாரிக்காரரோடு சண்டை போட்டிருப்பேன். இந்தத் தீபத்துக்குப் புது அகல்தான் வாங்கினோம்.

இப்போது என் முட்டாள்தனம். கட்டில் திசை பற்றி ஐயா எழுதியதைப் படித்தேன், சரி என்று தலையாட்டினேன். இங்கே வந்ததும் ஜன்னல் காற்று வரட்டும் என்று கட்டிலைத் திருப்பிப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி அப்பா எழுந்து, பழைய வீட்டில் கொல்லைக்குப் போவது போல இடப்பக்கம் நடந்து, நேரே பீரோவில் நெற்றியை மோதிக்கொண்டார். சத்தம் கேட்டு அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தால் அப்பா பீரோ கைப்பிடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார். கதவு ஏன் திறக்க மாட்டேன் என்கிறது என்று தேடியிருக்கிறார். நெற்றியில் புடைத்துக்கொண்டது, வேறொன்றும் இல்லை. காலையில் போய்க் கட்டிலைத் திருப்பினேன். காற்று வரவில்லை. இப்போது எழுந்தால் இடது கைப்பக்கம் கழிவறை. இரவு விளக்கு ஒன்றும் மாட்டியாயிற்று.

ஓய்வூதியக்காரன் (மறுநாள், காலை 8:00)

புடைப்பு வற்றிவிட்டதா? தலையில் அடி என்பதால் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரென்றால் கட்டாயம். நீங்கள் முட்டாள் இல்லை. என் மகனும் ஜன்னல் காற்றுக்குத்தான் போட்டான்.

நாலுவீதி (மறுநாள், காலை 9:10)

ஊஞ்சல் என்னவாயிற்று?

குடமுருட்டி (மறுநாள், இரவு 9:20)

டாக்டரிடம் காட்டியாயிற்று ஐயா, பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

ஊஞ்சல்: பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கட்டடத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பலகை ஆறடி நீளம், லிஃப்டில் போகவில்லை, தோளில் தூக்கிப் படியேறினோம். சங்கிலியை எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி மேலே போட்டாயிற்று (எண் 52). பலகைக்கு ஆசாரியை வைத்து இரண்டு முக்காலி போலச் செய்து பால்கனியில் திண்ணை மாதிரி போட்டிருக்கிறோம். அப்பா காலை ஆறரைக்கு அதில் உட்கார்ந்துகொள்கிறார். அங்கிருந்து தண்டவாளம் தெரியாது, சத்தம் கேட்கும். எது மின்சார ரயில், எது எக்ஸ்பிரஸ் என்று என் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பலகை ஆடவில்லை, ஆனால் கால் மட்டும் தரையை உந்திக்கொண்டே இருக்கிறது.

தங்கை போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். பித்தளையை எடைக்குப் போடச் சொன்னவள், போகும்போது ஒரு வெண்கலப்பானையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். சர்க்கரைப் பொங்கல் அதில்தான் நன்றாக வரும் என்கிறாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அப்பாதான் நோட்டில் "எண் 17, ஒன்று குறைவு" என்று எழுதிவைத்தார்.

ஊர் வீட்டில் பாய், இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், ஒரு பழைய மண்ணெண்ணெய் அடுப்பு விட்டுவிட்டு வந்திருக்கிறோம். மின்சார மீட்டர் ரேழிக்கு உள்ளே இருப்பதால் கணக்கெடுக்க வருபவருக்குத் திறந்துவிட ஒரு சாவி பக்கத்து வீட்டில். காவல் நிலையத்திலும் வீடு பூட்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாயிற்று.

உரல் கிணற்றடியிலேயே நிற்கிறது. அம்மா அதை விட்டுவிட்டார். யாருக்காவது வேண்டுமென்றால் மாயவரம் வந்து தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். தூக்க ஆள் நீங்களே கூட்டி வரணும்.

சுருக்கமாச்சொல் (மறுநாள், காலை 7:40)

உலக்கை இருக்கிறதா?

குடமுருட்டி (மறுநாள், காலை 7:55)

இருக்கிறது. பூண் மட்டும் கழன்றிருக்கிறது.